எங்கள் வீட்டு மாரியோ மெதுவாகத்தான் ஓடுவான்

போகிக்கு முந்தின நாள் கொளத்தூரில் அம்மா வீட்டுப் பரணில் ஏறினேன். வருஷா வருஷம் நடக்கிற சடங்கு இது. நான் மடிப்பாக்கத்திலிருந்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக இறக்குவேன். அம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டு "அது இருக்கட்டும்" என்பாள். திரும்ப மேலேயே வைத்துவிட்டு இறங்குவேன். இந்த வருஷமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மி போன பிறகும் தனியாகக் கிடக்கிற குழவி, இருக்கட்டும். அப்பாவின் வாய் பேசாத டிரான்சிஸ்டர், இருக்கட்டும். கைப்பிடி போன இட்லிப் பானை மூடி, அது எதற்கோ ஆகுமாம், இருக்கட்டும். அடுத்ததாக ஒரு பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே குக்கர் இல்லை. எங்கள் டிவி கேம்.

"அதைப் போட்டுடுடி. இனிமே யார் ஆடப் போறா?"

இட்லிப் பானை மூடிக்குக் கிடைத்த கருணைகூட அதற்குக் கிடைக்கவில்லை. தெருவில் பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது இந்த ஊருக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தப் புகையில் எங்கள் வீட்டு டிவி கேமும் சேர வேண்டாம் என்று சொல்லி, துடைத்துத் தனியாக எடுத்து வைத்தேன்.

அழுக்கு வெள்ளையில் ஒரு உடம்பு, நடுவில் கேசட் சொருகும் பள்ளம், உடம்போடு ஒயரால் கட்டிப்போட்ட இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, இரண்டு மஞ்சள் கேசட். (ரிமோட்டை ஜாய்ஸ்டிக் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. எங்கள் குவாட்டர்ஸில் ரிமோட்தான்.) நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல் இது. வடிவம், கேசட் பள்ளம், இரண்டாம் ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் இல்லாத குறை வரைக்கும் அப்படியே காப்பியடித்திருந்தார்கள். பெயரை மட்டும் போடவில்லை.

அந்த இரண்டாம் ரிமோட்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அப்பா ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃப்பில் வேலை பார்த்தார். 1997இல் ஆயுத பூஜைக்கு முன்னால் போனஸ் வந்த வாரம் பர்மா பஜாருக்குப் போய் இதை வாங்கி வந்தார். பீச் ஸ்டேஷன் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட கடைகள். அன்றைக்கு எங்களைப் போன்ற வீடுகளுக்கு வெளிநாடு என்றால் அந்தப் பிளாட்பாரம்தான். என்ன விலைக்கு வாங்கினார் என்பதில் வீட்டில் இன்றுவரை ஒரு முடிவு இல்லை. அப்பா கணக்கில், கடைக்காரர் 1,100 ரூபாய் சொன்னதை இவர் பேசிப் பேசி 650க்கு முடித்தார். அம்மா கணக்கில், 1,100ஐ அப்படியே கொடுத்துவிட்டு வந்து வீட்டில் 650 என்று சொன்னார்.

கேசட் ஒன்றின் மேல் 9999999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. ஒரு கோடிக்கு ஒன்றே ஒன்று குறைவு. அந்த ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டால் நம்பமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அண்ணன் முதல் நாளே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். ஏழெட்டு ஆட்டம் தாண்டியதும் பார்த்த ஆட்டமே வேறு பெயரில் திரும்பி வந்தது. ஒன்றில் மாரியோ நடுவில் எங்கிருந்தோ தொடங்குவான், ஒன்றில் வாத்துகள் கொஞ்சம் வேகமாகப் பறக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நாங்கள் ஆடியது முக்கால்வாசியும் மாரியோதான்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பரில் வந்த ஆட்டம். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தார்கள், இசை கோஜி கோண்டோ. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 32. இதையெல்லாம் அடக்கியிருக்கும் கேசட்டின் கொள்ளளவு 40 கிலோபைட். பெரியப்பா காலையில் வாட்ஸப்பில் அனுப்புகிற ரோஜாப்பூ குட்மார்னிங் படம் அதைவிடப் பெரியது. இடம் போதாமல் என்னென்னவோ சிக்கனம் செய்திருக்கிறார்கள். வானத்தில் இருக்கிற மேகமும் தரையில் இருக்கிற புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. தெரிந்துகொண்ட நாளிலிருந்து வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

சரி, இரண்டாம் ரிமோட்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். முதல் ரிமோட் அவனுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அது அப்படித்தான் இருந்தது. முதல் ரிமோட் என்றால் மாரியோ. இரண்டாவது என்றால் லூயிஜி, மாரியோவின் தம்பி. இந்த ஆட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஓட முடியாது. மாரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். நான் எப்போது ஆடுவேன் என்பது என் திறமையில் இல்லை, அண்ணன் சாவதில் இருந்தது. அண்ணன் சாகமாட்டான்.

ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பேன். என் பட்டன்கள் எதற்கும் வேலை இல்லை. ஸ்டார்ட் பட்டனாவது இருந்தால் அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி வெறுப்பேற்றலாம், அதையும் ஜப்பான்காரர்கள் முன்யோசனையோடு எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணன் பள்ளத்தைத் தாண்டும்போதெல்லாம் மனசுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொள்வேன். பிள்ளையாருக்கும் முதல் ரிமோட்காரர்களைத்தான் பிடிக்கும் போல. ஒவ்வொரு நாலாவது கட்டத்தின் முடிவிலும் காளான் தலை ஆள் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து படித்துச் சொன்னார்: "இளவரசி வேற கோட்டையில இருக்காளாம். பக்கத்து கவுன்ட்டர்ல கேளுங்கங்கறான்."

ஒரே ஒரு நாள்தான் பிள்ளையார் கேட்டார். 3-1, அதாவது மூன்றாம் உலகத்தின் முதல் கட்டம், முடிகிற இடத்தில் ஒரு படிக்கட்டு உண்டு, அதில் இரண்டு ஆமைகள் இறங்கி வரும். பின்னால் வரும் ஆமையைச் சரியான நேரத்தில் மிதித்தால், அதன் ஓடு படியில் மோதி மோதித் திரும்ப நம் காலுக்கடியிலேயே வரும். மிதிக்க மிதிக்கப் புள்ளிகள் ஏறும், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு லைஃப் விழ ஆரம்பிக்கும். இந்த வித்தையை எதிர் பிளாக் பையன் ஒருவன் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் 1-2இல் கூரைமேல் ஓடி, குழாய்க்குள் புகுந்து, நேராக மூன்றாம் உலகத்துக்குப் போனான். 3-1. படிக்கட்டு. ஆமை. டொங், டொங், டொங். குவாட்டர்ஸில் பாதிப் பேர் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றார்கள். லைஃப் ஏறிக்கொண்டே இருந்தது. போதும் என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை, கை வலிக்கிறவரை மிதித்தான். அப்புறம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இனி இஷ்டத்துக்குச் சாகலாம் என்று சொல்லி, வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் குதித்தான்.

கேம் ஓவர்.

ஜன்னலில் ஒரு சத்தமும் இல்லை. ஏன் அப்படி ஆனது என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்டம் லைஃப் எண்ணிக்கையை ஒரே ஒரு பைட்டில் எழுதி வைக்கிறது. 127 வரைக்கும் சரி. அதைத் தாண்டிப் போனால் அதே எண்ணைக் கழித்தல் குறியோடு படிக்கும். ஒருவன் செத்ததும் அது பார்ப்பதெல்லாம், மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டதா என்று மட்டும்தான். அண்ணன் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்து அது இவன் கடன்காரன் என்று முடிவு செய்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: மாரியோ போய்விட்டான், லூயிஜியின் மூன்று லைஃப் தொடாமல் அப்படியே இருக்கிறது. ஜன்னல் நிறையக் கூட்டத்தோடு நான் 1-1 ஆடினேன். முதல் குழாய் தாண்டுவதற்குள் ஒரு லைஃப் போனது, பரவாயில்லை.

பொங்கல் லீவு முடிந்து வந்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். அடாப்டர் செத்திருந்தது, கேசட்டும் பிடிக்கவில்லை. முதல் இரண்டு கடையில் பையன்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் உள்ளே சால்டரிங் அயனோடு உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "குடும்மா, இது எத்தனை பாத்திருக்கேன்" என்று வாங்கிக்கொண்டார்.

ஸ்க்ரூ நாலையும் கழற்றித் திறந்தபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பெரிய உடம்புக்குள் உள்ளங்கை அளவு ஒரு போர்டு, அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஐசி என்று தனியாக நிற்பது ஒன்றுகூட இல்லை. "அந்தப் பொட்டுலதான் எல்லாம் இருக்கு" என்றார். அசல் ஃபேமிகாமில் கணக்குப் போட ஒரு சிப், படம் வரைய ஒரு சிப் என்று தனித்தனியாக இருக்கும். நகல் செய்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, மேலே கறுப்புப் பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். பொட்டு போனால் ஆள் போச்சு, ரிப்பேர் கிடையாது. எங்கள் பொட்டு நன்றாக இருந்தது.

அடாப்டர் வாங்கும்போது பெரியவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். சிலவற்றுக்கு நடுமுனை பாசிட்டிவ், சிலவற்றுக்கு நெகட்டிவ், மாற்றிப் போட்டால் புகைதான் என்றார். வருகிற 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க உள்ளே மூன்று கால் உள்ள ஐசி ஒன்று இருக்கிறதாம், மிச்சத்தை அது வெறும் சூடாகத் தள்ளிவிடும். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடாதே, சூடாயிடும்னு வீட்ல சொல்லியிருப்பாங்களே?" என்று கேட்டார். சொன்னார்கள். நாங்கள் படிப்பதற்காகச் சொல்கிற பொய் என்று நினைத்திருந்தேன். அப்பாவிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

கேசட்டை வாங்கிப் பார்த்ததும், "ஊதுவீங்களா?" என்றார். ஊதுவோம். ஊதாத பிள்ளை உண்டா? கேசட் பிடிக்கவில்லை என்றால் எடுத்து, வாயருகே வைத்து, புல்லாங்குழல் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊதிவிட்டுச் சொருகுவோம், வேலை செய்யும். வேலை செய்தது ஊதியதால் இல்லை, எடுத்துத் திரும்பச் சொருகியதால் என்றார். ஊதினால் வாய் ஈரம் செப்பில் படிந்து பச்சை பிடிக்கும். அறுபது பட்டையையும் காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு அவரே துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. கூலி 150 ரூபாய். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, அந்த விஷயத்தில் நான் அப்பா பெண். அம்மா சொல்கிற அப்பாவுக்கு.

அடுத்த தலைவலி டிவி. அம்மா வீட்டில் இருப்பது 43 அங்குல எல்இடி. படம் வந்தது, சத்தமும் வந்தது. ஆனால் நான் பட்டனை அழுத்தினால் மாரியோ ஒரு கணம் யோசித்துவிட்டுக் குதித்தான். புது டிவிகள் வருகிற படத்தை உள்ளே வாங்கி வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றித்தான் காட்டும். சீரியல் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தாமதம் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறவனுக்குத் தெரியும். துப்பாக்கி சுத்தமாக வேலை செய்யவில்லை. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது பார்க்க மட்டும்தான் செய்யும். விசையை அழுத்தினதும் திரை கண் இமைக்கும் நேரத்துக்கு முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று அந்த வரிசையில் குழாய் வழியே தெரிந்தால் வாத்து விழும். சின்ன வயதில் குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்தோம், பலிக்கவில்லை. முதலில் இருட்டு தெரிய வேண்டும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? டியூப் டிவியில் இருட்டும் வெளிச்சமும் அந்தந்தக் கணத்திலேயே வந்துவிடும். எல்இடியில் தாமதமாக வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.

ஆக, டியூப் டிவி வேண்டும். எங்கள் பழைய சாலிடேர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. அம்மாவுக்குத்தான் ஞாபகம் வந்தது: வியாசர்பாடிச் சித்தி வீட்டில் 2006இல் திமுக ஆட்சி கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் இருக்கிறது, அதன் மேல் முருகர் படம் வைத்திருக்கிறாள். முருகருக்கு வேறு ஸ்டூல் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, டிவியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். டியூப் டிவியின் கனம் எனக்கு மறந்தே போயிருந்தது. முழுக் கனமும் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அது என் வயிற்றில் முட்டியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் என் மகளின் டேப்லெட்டில் இதே ஆட்டத்தை இறக்கி ஆடிப் பார்த்தேன். படு தோல்வி. பாட்டு யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி ஓடியது. குதித்தால் ஒன்று முன்னாலேயே விழுந்தேன், இல்லை பள்ளத்துக்குள் விழுந்தேன். 1-2ஐத் தாண்டவில்லை. மகள் பாவமாகப் பார்த்தாள். நாற்பதைத் தொடப் போகிறோம், கை வேகம் குறைந்துவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

சித்தி வீட்டு டிவியில் பின்பக்கம் மஞ்சள் பின்னையும் வெள்ளைப் பின்னையும் சொருகி, சிவப்பு ஸ்விட்சைத் தள்ளினேன். படம் வந்தது. 1-1 தொடங்கி நாலு ஸ்வரம் கேட்டதும் தெரிந்துவிட்டது, இதுதான். இதுதான் அந்தப் பாட்டு. துரத்தல் இல்லை, சாவகாசமாகக் கையை வீசிக்கொண்டு நடக்கிற பாட்டு. முதல் காளானை மிதித்தேன், குழாய் நாலையும் தாண்டினேன், கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் முட்டிப் பச்சைக் காளான் எடுத்தேன். எதையும் யோசிக்கவில்லை. 1-2, கூரை, குழாய், நேராக நாலாம் உலகம். கட்டைவிரல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கை வேகம் திரும்ப வந்துவிட்டது என்று நம்புகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. நாலு வருஷம் வயலின் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவள் நான். மிச்சம் இருப்பது காது மட்டும்தான். காது சொன்னது, சுருதி டேப்பில் கேட்ட அதே சுருதி, காலப்பிரமாணம்தான் இறங்கியிருக்கிறது. டேப் பாட்டை மத்திமகாலம் என்றால் இது ஒரு படி நிதானம்.

அளந்துவிடலாம் என்று போன் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். மாரியோவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல் மூலையில் நேரம் ஓடும், 1-1இல் 400இலிருந்து இறங்கும். அது நொடி இல்லை, 24 படத்துக்கு ஒரு முறை ஒன்று குறையும். மாரியோவைத் தொடங்கிய இடத்திலேயே நிற்க வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்பா வந்து பார்த்து, "ஏம்மா, நின்னுபோச்சா?" என்றார். இல்லப்பா, நேரம் பாக்கறேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். 400 பூஜ்யத்துக்கு வர 3 நிமிஷம் 12 நொடி. டேப்பில் அதே வேலை 2 நிமிஷம் 40 நொடி.

நொடிக்கு 60 படம் என்றால் 160 நொடி. நொடிக்கு 50 என்றால் 192. காரணம் அங்கே நிற்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் போட்டது. நம் ஊர் டிவி PAL என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. டிவி பிறந்த காலத்தில் பெரும்பாலும் அந்தந்த ஊர் கரண்ட்டின் துடிப்பை ஒட்டி அதை அமைத்தார்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நம் டிவியில் கலர் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே விற்ற நகல்களையும் 50க்குச் செய்தார்கள். ஆட்டத்துக்கோ கடிகாரம் என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு படம் வந்தால் மாரியோவை இத்தனை புள்ளி நகர்த்து, பாட்டில் இத்தனை தூரம் போ என்று படத்தை எண்ணித்தான் அதற்குப் பிழைப்பு. படம் குறைந்தால் எல்லாமே நிதானமாகும். ஒவ்வொரு ஸ்வரத்தின் சுருதியும் சிப்பின் துடிப்பிலிருந்து வருவதால் அது மட்டும் மாறவில்லை. ஐரோப்பாவிலும் 50தான், அங்கே நின்டெண்டோ ஓட்டத்தைத் திருத்தித் தனிப் பதிப்பு போட்டது. எங்கள் மஞ்சள் கேசட்டுக்காக யார் திருத்தப் போகிறார்கள்?

அப்படியானால் பெரம்பூரிலும் புரசைவாக்கத்திலும் பாயில் உட்கார்ந்து ஆடிய அத்தனை பிள்ளைகளின் மாரியோவும் ஜப்பான் மாரியோவைவிட ஆறில் ஒரு பங்கு நிதானமானவன். நான் வேறொருவனை மாரியோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்புறம் அண்ணன் ஞாபகம் வந்தது, வருத்தம் போய்விட்டது.

அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற புதுக் கருவியில் இந்த ஆட்டம் வருகிறது, அவன் பையனோடு ஆடுவான். ஆடிவிட்டு எனக்கு போன் செய்து புலம்புவான், ஒண்ணுமே முடியலடி, அப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஆடுவேனே, வயசாயிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் பிடித்தேன். டிவியைக் காட்டினேன். பாட்டைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. "ஏய், இதுதான்டி! எங்கடி புடிச்ச?" அப்புறம் ஸ்டாப்வாட்ச் கணக்கைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. கால் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப நான் குவாட்டர்ஸ் சாம்பியன் இல்லையா?"

"சாம்பியன்தாண்ணா. ஆறுல ஒரு பங்கு கழிச்சுக்கோ."

அம்மா சமையலறையிலிருந்தே சிரித்தாள். இதற்குத்தான் அந்தப் பெட்டி இத்தனை வருஷம் பரணில் கிடந்தது என்று தோன்றியது. "ஈசி மோட்ல ஆடியிருக்கோம்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஈசி மோடாக இருந்தும் என்னை ஆடவிடவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் இரண்டு பேர் ஆட்டத்தை அழுத்திவிட்டேன். முதல் ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "அது என்னடி, சப்போட்டாவுக்குக் கால் முளைச்ச மாதிரி வருது?" என்று கேட்டபடி நேராக அதன் மேல் போய் முட்டிச் செத்தாள். என் முறை. ஆறு நொடிகூட ஆகவில்லை. இப்படி ஒரு மாரியோவுக்காகத்தான் 1997இல் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் மூன்று லைஃபும் முடிந்த பிறகு நான் மட்டும் ஆடினேன். 4-2இல் கொடி ஏறி எட்டாம் உலகத்துக்குப் போனேன். 8-1, 8-2. 8-3இல் சுத்தியல் ஆமைகள் ஜோடி ஜோடியாக நிற்கும். அண்ணன் வாழ்க்கையில் எட்டிய உச்சம் அதுதான். 1998 கோடையில் அங்கே நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஆட்டத்தைச் சேமித்து வைக்க இதில் வழி கிடையாது, கரண்ட் போனால் 1-1தான். அன்று அவன் ராத்திரி சாப்பிடவில்லை.

இந்த முறை கரண்ட் போகவில்லை. இரண்டாவது ஜோடி ஆமையின் சுத்தியலில் நானே முறையாகச் செத்தேன். கேம் ஓவர். ஆனால் இந்த மாதம் படித்துத் தெரிந்துகொண்ட ஒன்று கையில் இருந்தது. கேம் ஓவர் ஆகி முதல் திரை வந்ததும், ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம். 1-1க்குப் போக வேண்டியதில்லை. 1985இலிருந்து ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற வழி, குவாட்டர்ஸில் ஒருவருக்கும் தெரியாது. அழுத்தினேன். 8-1 வந்தது.

அண்ணனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. என் பதிவுகளை அவன் படிப்பதில்லை, அதனால் இப்போதைக்குப் பயமில்லை. இந்த ஞாயிறு 8-4.